நிசான் ஜிடி-ஆர்: பழசா? புதுசா?

போன வாரம் ஒரு ராத்திரி விடுதி மொட்டை மாடியில் பெரிய வாக்குவாதம். எப்போதும் போல கிரிக்கெட்டில் ஆரம்பித்து, சினிமாவுக்குத் தாவி, கடைசியில் கார்களில் வந்து நின்றது. கூட்டத்தில் இருந்த ஆறு பேரில் ஒருவனுக்கும் சொந்தமாகக் கார் கிடையாது. மொத்தம் இரண்டு பைக், அதில் ஒன்று காலையில் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். ஆனால் பேச்சு என்னவோ நிசான் ஜிடி-ஆர் பற்றி!

என் அறைத்தோழன்தான் ஆரம்பித்தான். "ஜிடி-ஆர்னா அது ஆர்34 தான்டா மச்சி. அதோட கதை முடிஞ்சுது. ஆர்35 எல்லாம் காரே இல்ல, சக்கரம் வெச்ச கம்ப்யூட்டர். ஸ்டீயரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா போதும், யார் வேணா ஓட்டலாம்."

நான் விடவில்லை. "ரெண்டையும் ஒரே டிராக்ல விட்டுப் பாரு. உன் ஆர்34 பின்னாடி பாக்குற கண்ணாடியிலகூடத் தெரியாது" என்றேன். அவன் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, மணி இரண்டாகிவிட்டது. வார்டன் டார்ச் லைட்டோடு மேலே வந்ததால் போட்டி முடிவில்லாமல் நின்றது.

படுக்கையில் வந்து விழுந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆர்34 உற்பத்தி நின்றது 2002ல். அப்போது நாங்கள் இருவரும் பிறக்கவே இல்லை. அந்தக் காரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 2003ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட்' விளையாட்டிலும், அதே வருடம் வந்த இரண்டாவது 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்திலும்தான். அதையும் நாங்கள் பார்த்தது அண்ணன்மார்களின் பழைய கம்ப்யூட்டர்களில். பிறப்பதற்கு முன்பே நின்றுபோன ஒரு காருக்காக அவன் ஏங்குகிறான். நல்ல கார்கள் எல்லாம் நாம் பிறப்பதற்கு முன்னாலேயே செய்து முடிக்கப்பட்டுவிட்டன என்றால், இயந்திரப் பொறியியல் படிக்கும் நாங்கள் இனிமேல் என்னத்தைச் செய்யப் போகிறோம்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதனால் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து யோசித்து இதை எழுதுகிறேன். முடிவில் நான் வந்து சேர்ந்த இடம் அவன் சொன்னதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

கொஞ்சம் முன்கதை

ஜிடி-ஆர் பற்றி அவ்வளவாகத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னச் சுருக்கம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

ஸ்கைலைன் என்பது 1957ல் ஜப்பானில் பிரின்ஸ் என்ற பெயரில் வந்த ஒரு சாதாரணக் குடும்பக் கார். 1964ல் சுஸுகாவில் நடந்த ஜப்பான் கிராண்ட் பிரீ பந்தயத்துக்காக, அந்தக் காரின் மூக்கை 20 சென்டிமீட்டர் நீட்டி, அதற்குள் பெரிய ஆறு சிலிண்டர் இஞ்சினை வைத்தார்கள். பந்தயத்துக்கென்றே பிறந்த போர்ஷே 904ஐ அந்த நான்கு கதவு குடும்பக் கார் நடுவில் கொஞ்ச தூரம் முந்திக்கொண்டு போனது. கடைசியில் ஜெயித்தது போர்ஷேதான். ஆனால் இரண்டாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை வந்தவை அத்தனையும் ஸ்கைலைன்! ஜப்பானியர்கள் இன்றுவரை அந்தத் தோல்வியைத்தான் கொண்டாடுகிறார்கள்.

1966ல் பிரின்ஸ் நிறுவனம் நிசானோடு இணைந்தது. 1969ல் முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வந்தது. ஆர்380 என்ற பந்தயக் காரின் இஞ்சினிலிருந்து பிறந்த 2 லிட்டர், 160 குதிரைத்திறன் இஞ்சின். ஆனால் வெளியே பார்த்தால் நான்கு கதவு செடான்! இரண்டு கதவு மாடல் 1970ல்தான் வந்தது. ஜப்பான் பந்தயங்களில் அந்தத் தலைமுறை 50 வெற்றிகளைக் குவித்தது. அடுத்த ஜிடி-ஆர் 1973ல் வந்து, புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் வெறும் 197 கார்களோடு நின்றது. அதன் பிறகு 16 வருடம் ஜிடி-ஆர் என்ற பெயரே இல்லை.

1989ல் ஆர்32 வந்தது. 1995ல் ஆர்33. 1999ல் ஆர்34. 2007 டிசம்பரில் ஆர்35. கடைசி ஆர்35, 2025 ஆகஸ்டில் தோச்சிகி தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. 18 வருடத்தில் சுமார் 48,000 கார்கள்.

எங்கள் சண்டை இதில் எந்தத் தலைமுறை உண்மையான ஜிடி-ஆர் என்பதைப் பற்றி.

'கம்ப்யூட்டர் கார்' என்ற குற்றச்சாட்டு

முதலில் நண்பனின் பெரிய ஆயுதத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்35 ஒரு கம்ப்யூட்டர். உண்மைதான். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி போக வேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது. கியரை அதுவே மாற்றும். ஜப்பானில் விற்ற ஆர்35ல் இன்னொரு கூத்து உண்டு. அங்கே கார்களுக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் என்ற வேகத்தடை இருக்கிறது. ஜிபிஎஸ் மூலம் தான் ஒரு பந்தயத் தளத்துக்குள் இருப்பது தெரிந்தால்தான் கார் அந்தத் தடையை எடுத்துவிட அனுமதிக்கும். டாஷ்போர்டில் இருக்கும் திரையை வடிவமைத்தவர்கள் யார் தெரியுமா? 'கிரான் டூரிஸ்மோ' வீடியோ கேமை உருவாக்கிய பாலிஃபோனி டிஜிட்டல்! இதைவிட நல்ல சாட்சி என் நண்பனுக்குக் கிடைக்காது.

ஆனால் ஆர்32ஐப் பாருங்கள். 1989ல் வந்த அந்தக் காரில் என்ன இருந்தது? சாதாரணமாகப் பின்சக்கரங்களில்தான் ஓடும். பின்சக்கரம் வழுக்குவதை சென்சார்கள் கண்டுபிடித்ததும், கம்ப்யூட்டர் ஒரு ஹைட்ராலிக் கிளட்ச்சை அழுத்தி, சக்தியில் பாதி வரைக்கும் முன்சக்கரங்களுக்கு அனுப்பும். அட்டெசா இ-டிஎஸ் என்று அதற்குப் பெயர். போதாததற்குப் பின்சக்கரங்களையும் கொஞ்சம் திருப்ப சூப்பர் ஹைகாஸ் என்று ஒன்று. அதற்கும் கம்ப்யூட்டர்தான். நம் ஊரில் பெரும்பாலான கார்களில் கார்புரேட்டர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலக் கணக்கில் ஆர்32தான் சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்!

நண்பன் உயிரை விடும் ஆர்34ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு நடுவில் ஒரு திரை. டர்போ அழுத்தம், ஆயில் சூடு எல்லாம் அதில் ஓடும். வி-ஸ்பெக் மாடலில் பின்பக்க டிஃபரன்ஷியலையும் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்தியது. இதெல்லாம் நம் கண்ணில் படாததற்குக் காரணம் ஒன்றுதான். நாம் பிறந்தபோதே அதெல்லாம் பழசாகிவிட்டிருந்தது.

இந்தக் குற்றச்சாட்டே புதிது இல்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். ஆர்32 ஜப்பானின் குரூப் ஏ பந்தயங்களில் 1990லிருந்து 1993 வரை 29 பந்தயங்களில் ஓடி, 29லும் ஜெயித்தது. ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயும் அடித்தது. 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயர் அந்த நாட்டுப் பத்திரிகை ஒன்று வைத்ததுதான். 1991ல் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தில் வெற்றி. 1992ல் கூடுதல் எடையையும் டர்போவுக்குக் கட்டுப்பாட்டையும் தலையில் ஏற்றினார்கள். அந்த வருடப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் கொட்டுகிற மழையில் பல கார்கள் வழுக்கி மோதின. முன்னணியில் இருந்த ஜிடி-ஆரும் மோதி நின்றது. பந்தயத்தை அத்தோடு நிறுத்தி, விதிப்படி முந்தைய சுற்றின் கணக்கை எடுத்ததில், நொறுங்கிப்போன ஜிடி-ஆரே வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். மேடையில் ஏறிய ஜிம் ரிச்சர்ட்ஸையும் மார்க் ஸ்கைஃபையும் கூட்டம் கூச்சல் போட்டு விரட்டியது. ரிச்சர்ட்ஸ் பதிலுக்கு மைக்கிலேயே கூட்டத்தைத் திட்டித் தீர்த்தார்! அடுத்த வருடம் விதிகள் மாறி வி8 இஞ்சின் கார்களின் காலம் வந்தது. காட்ஸில்லா ஊரைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

அந்தக் கோபத்தில் உள்ளூர் ஃபோர்டு, ஹோல்டன் பாசம் பாதி, மோதி நின்ற கார் ஜெயித்துவிட்டதே என்ற எரிச்சல் மீதி. இருந்தாலும் அந்தக் கூட்டத்தின் மனதில் ஓடிய இன்னொரு எண்ணம் என் நண்பன் மொட்டை மாடியில் சொன்னதேதான் என்று நினைக்கிறேன்: "இது ஓட்டுநரின் திறமை இல்லை, எந்திரத்தின் தந்திரம்." அன்றைக்குக் கூச்சல் வாங்கிய அதே கார் இன்றைக்கு 'கலப்படமில்லாத, மனிதன் ஓட்டுகிற கார்' என்று பெயர் வாங்கியிருக்கிறது. கார் மாறவில்லை. அதைப் பார்க்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

எடை

அடுத்த குற்றச்சாட்டு எடை. ஆர்32 சுமார் 1430 கிலோ. ஆர்33 சுமார் 1530. ஆர்34 அதைவிடக் கொஞ்சம் கூட. ஆர்35, 1740 கிலோ! பழசோடு ஒப்பிட்டால் நான்கு பெரிய ஆட்களை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு ஓடுவது போல.

இங்கே நான் நண்பனோடு பாதிதான் ஒத்துப்போவேன். ஆர்35ன் தலைமைப் பொறியாளர் கஸுதோஷி மிஸுனோ, டயர்கள் தரையைக் கவ்விப் பிடிக்க அந்த எடை வேண்டும் என்று தெரிந்தே வைத்ததாகச் சொன்னவர். கேட்பதற்குச் சமாளிப்பு போல இருக்கும். ஆனால் நூர்பர்க்ரிங் தளத்தின் கணக்கைப் பாருங்கள். 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தத் தளத்தை ஆர்32 சுமார் 8 நிமிடம் 20 விநாடியில் சுற்றியது. ஆர்33, 7 நிமிடம் 59 விநாடி. அந்த 21 விநாடி வித்தியாசத்தையே விளம்பர வாசகமாக வைத்தது நிசான். ஆர்35 வந்த 2007லேயே 7 நிமிடம் 38 விநாடி. 2013ல் நிஸ்மோ மாடல், விசேஷ பாகங்களோடு, 7 நிமிடம் 8 விநாடி. எடை கூடக் கூட நேரம் குறைந்துகொண்டே போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். ஆர்33 வந்தபோது 'குண்டாகிவிட்டது, நீண்டுவிட்டது' என்று அதைத் திட்டாதவர்கள் இல்லை. ஆர்32ஐவிட அதன் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சுமார் 10 சென்டிமீட்டர் அதிகம். பல வருடம் விலை குறைவாக, கேட்பாரற்றுக் கிடந்த தலைமுறை அது. இன்றைக்கு அதற்கும் ரசிகர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்படியென்றால் 'குண்டு' என்ற வார்த்தைக்கும் காலம் உண்டு போலிருக்கிறது.

கியரும் இஞ்சினும்

இனி நண்பனுக்கு முழு மார்க் கொடுக்க வேண்டிய இடம். ஆர்32லும் ஆர்33லும் ஐந்து கியர், ஆர்34ல் ஆறு. எல்லாவற்றிலும் மூன்று பெடல், கையால் மாற்றும் கியர். ஆர்35ல் கிளட்ச் பெடலே கிடையாது. இரண்டு கிளட்ச்கள் உள்ளே இருக்கும். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. நீங்கள் மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராக நிற்கும். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதான் வேலை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மனிதனால் அந்த வேகத்தில் மாற்ற முடியாது.

பொறியியல் மாணவனாக அந்த அமைப்பைப் பார்த்து வாய் பிளக்கிறேன். இஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். சக்தி ஒரு தண்டு வழியாகப் பின்னால் போய், அங்கிருந்து இன்னொரு தண்டு வழியாக முன்சக்கரங்களுக்குத் திரும்பி வருகிறது. எடையைச் சமமாகப் பிரிப்பதற்காக இவ்வளவு பாடு. ஆனால் ஓட்டுகிறவனுக்கு ஒரு வேலை குறைந்துபோனது உண்மை. மலைப்பாதையில் பஸ் ஓட்டும் டிரைவரை ஜன்னல் சீட்டிலிருந்து பார்த்திருப்பீர்கள். அவர் கியரை மாற்றும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரியுமே, அதை எந்தக் கம்ப்யூட்டரும் தராது. வேகம் கூடியது, வேலை குறைந்தது. இதில் நஷ்டமே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன்.

இஞ்சின் விஷயத்தில் இரண்டு பக்கமும் சமம் என்பேன். பழைய ஆர்பி26 இஞ்சின் 2568 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. அது ஏன் 2.6 லிட்டர் என்ற விநோதமான அளவு? பந்தய விதியில் டர்போ இஞ்சினின் அளவை 1.7 ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். 2568ஐ 1.7 ஆல் பெருக்கினால் 4366. 4500 சிசி பிரிவுக்குள் கச்சிதமாக உட்காரும். பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டுச் செய்த இஞ்சின் அது!

காகிதத்தில் அதன் சக்தி 280 குதிரைத்திறன். அன்றைய ஜப்பான் நிறுவனங்கள் எல்லாம் அதற்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருந்தன. 2004ல்தான் அது முடிவுக்கு வந்தது. ஆனால் இரும்பு பிளாக் கொண்ட அந்த இஞ்சினுக்குள் இன்னும் எவ்வளவோ ஒளிந்திருந்தது. கராஜ் வைத்திருந்தவர்கள் டர்போவை மாற்றி, இதை மாற்றி, அதை மாற்றி இரண்டு மடங்குக்கு மேல் சக்தியை வெளியே எடுத்தார்கள். பழைய ஜிடி-ஆரின் புகழில் பாதி நிசானுக்குச் சேர வேண்டும் என்றால் மீதி பாதி அந்தக் கராஜ்காரர்களுக்குச் சேர வேண்டும்.

புதிய 3.8 லிட்டர் வி6 இஞ்சின், யொகொஹாமா தொழிற்சாலையில் 'தகுமி' என்று அழைக்கப்படும் கைதேர்ந்த தொழிலாளர்களால் சேர்க்கப்பட்டது. ஒரு இஞ்சினை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒருவரே சேர்ப்பார். அவர் பெயர் பொறித்த தகடு அந்த இஞ்சின் மேல் இருக்கும். 18 வருடத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் மொத்தம் ஒன்பதே பேர்! 480 குதிரைத்திறனில் ஆரம்பித்து நிஸ்மோ மாடலில் 600 வரை வந்தது. சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் என்று நண்பன் திட்டிய காரின் இதயத்தைச் செய்தது ஒன்பது மனிதர்களின் கை. இதை அவனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அதுவே எனக்கு வெற்றிதான்!

அப்படியானால் தொலைந்தது என்ன?

கம்ப்யூட்டர் அன்றும் இருந்தது. எடை ஒவ்வொரு தலைமுறையிலும் கூடிக்கொண்டேதான் வந்தது. மனிதக் கை இன்றும் இருந்தது. கியர் ஒன்றுதான் மாறியது. அது ஒன்றுக்காகவா இத்தனை பேருக்கு பழசின் மேல் இவ்வளவு ஏக்கம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது, நாம் அதைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்32 குடும்பத்தைப் பாருங்கள். கீழ்ப்படியில் 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், வெறும் 91 குதிரைத்திறன் ஸ்கைலைன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆபீஸ் போகிறவர் ஓட்டுகிற கார். அதற்கு மேல் ஆறு சிலிண்டர் கார்கள். அதற்கு மேல் ஒற்றை டர்போ வைத்தது. உச்சியில் ஜிடி-ஆர். எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பப் பெயர், ஏறக்குறைய ஒரே முகம், பின்னால் அதே வட்ட விளக்குகள். 91 குதிரைத்திறன் காரை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தைப் பார்க்கும்போது, ஓடிக்கொண்டிருப்பது தன் வீட்டு வாசலில் நிற்கும் காரின் அண்ணன் என்று நினைத்துக்கொள்ளலாம். நம் தெருவில் டென்னிஸ் பந்தில் விளையாடிய பையன் மாநில அணிக்கு ஆடப் போனால் தெருவே டிவி முன்னால் உட்காருமே, அந்த மாதிரி. 1964ல் மூக்கு நீட்டிய குடும்பக் கார் போர்ஷேயை முந்தியபோது ஜப்பானியர்கள் எழுந்து நின்றதற்கும் காரணம் அதுதான். முதல் ஜிடி-ஆருக்கு நான்கு கதவு இருந்ததும் தற்செயல் இல்லை.

ஆர்35ல் அந்தத் தொப்புள்கொடியை வெட்டிவிட்டார்கள். பெயரிலிருந்து 'ஸ்கைலைன்' போனது. வெறும் நிசான் ஜிடி-ஆர். அதற்குக் கீழே படிகள் இல்லை. தம்பி, தங்கை, மாமன், மச்சான் யாரும் இல்லை. தனியாகப் பிறந்து தனியாக நின்ற கார். விலையும் அப்படியே. ஆர்32 வந்தபோது 44.5 லட்சம் யென். ஆர்35 வந்தபோது 77.7 லட்சம் யென். 2025ல் விடைபெறும்போது ஆரம்ப விலையே 1.4 கோடி யென்னைத் தாண்டிவிட்டது. இந்தியாவுக்கு 2016 டிசம்பரில் வந்தபோது 1.99 கோடி ரூபாய். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

நிசான் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. 1999ல் அந்த நிறுவனமே மூழ்கும் நிலையில் இருந்து, ரெனோவின் பணத்தால்தான் பிழைத்தது. 2001ல் வந்த அடுத்த ஸ்கைலைன், வி6 இஞ்சினோடு, அமெரிக்காவில் இன்ஃபினிட்டி என்ற பெயரில் விற்பதற்கும் சேர்த்துச் செய்த கார். பழைய ஸ்கைலைன் குடும்பம் அப்போதே கலைந்துவிட்டது. இல்லாத குடும்பத்தோடு ஜிடி-ஆரை எப்படிச் சேர்த்து வைப்பது? மிஸுனோ தனியாக ஒரு காரைச் செய்ததால்தான் அது உலகத்தின் எந்தக் காரோடும் மோதுகிற அளவுக்கு வந்தது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சாதாரண மனிதனின் கார் என்று நாம் கொண்டாடும் பழைய ஜிடி-ஆர் இன்றைக்கு எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் 25 வருடம் ஆன கார்களைத் தடையில்லாமல் இறக்குமதி செய்யலாம். 2014லிருந்து ஆர்32கள் அங்கே போக ஆரம்பித்தன. 2024லிருந்து ஆர்34களின் முறை. விலை எங்கேயோ போய்விட்டது. படத்தில் பால் வாக்கர் ஓட்டிய நீல ஆர்34 ஒன்று 2023ல் ஏலத்தில் 13 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது! ஸ்கைலைன் ஓட்டிய அந்த ஆபீஸ்காரரின் மகன் இன்றைக்கு ஆர்34ஐத் தொட்டுப் பார்க்கக்கூட முடியாது. பழசை மீட்க வேண்டும் என்று கோடிகளைக் கொட்டி வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது இரும்பும் ரப்பரும் மட்டும்தான். அந்தக் குடும்ப உறவு கிடைக்காது. அதை ஏலத்தில் எடுக்க முடியாது.

என் தீர்ப்பு

எந்திரமாகப் பார்த்தால் ஆர்35 சிறந்த கார். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓட்டுகிறவனின் கைக்கும் காலுக்கும் வேலை தருவதில் பழையது சிறந்தது. ஆனால் பழைய ஜிடி-ஆரிடம் இருந்து புதியதிடம் இல்லாமல் போன பெரிய விஷயம் அது யாருடைய கார் என்ற உணர்வு. ஒரு தொழிற்சாலை, ஒரு தெரு, ஒரு நாடு 'நம்முடையது' என்று சொல்லிக்கொண்ட கார், பணம் இருப்பவர் யாரும் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு அருமையான பொருளாக மாறியது. அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததும் இல்லை, கம்ப்யூட்டரால் நடந்ததும் இல்லை.

இதைப் புரிந்துகொள்வது முக்கியம் என்று ஏன் நினைக்கிறேன் என்றால், அடுத்த ஜிடி-ஆர் ஒரு நாள் வரும். திரும்பக் கொண்டுவருவதே தங்கள் நோக்கம் என்று நிசான் 2025ல் சொல்லியிருக்கிறது. 2023ல் டோக்கியோவில் ஹைப்பர் ஃபோர்ஸ் என்று ஒரு மின்சார மாதிரிக் காரை வைத்தார்கள். ஜிடி-ஆர் என்று பெயர் போடவில்லை, ஆனால் அந்த வட்ட விளக்குகளைப் பார்த்த யாருக்கும் அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் போகாது. அது மின்சாரத்தில் வந்தாலும் சரி, பெட்ரோலோடு கலந்து வந்தாலும் சரி, முதல் நாளே ஒரு கூட்டம் சொல்லப்போகிறது: "சத்தம் இல்லை, உயிர் இல்லை, இது கம்ப்யூட்டர். ஆர்35தான்டா கடைசி உண்மையான கார்." எழுதி வைத்துக்கொள்ளுங்கள்! சொல்லப்போகிறவர்களில் முதல் ஆள் நானாகவே இருக்கலாம். அப்போது இந்தக் கட்டுரையை எடுத்து என் முகத்தில் அடியுங்கள்.

அந்தக் காரைப் பார்த்து நான் கேட்க விரும்புவது வேறு. அதற்குக் கீழே படிகள் இருக்குமா? அதே பெயரில், அதே முகத்தோடு, ஒரு சாதாரண ஆள் மாதத் தவணையில் வாங்குகிற ஒரு தம்பி கார் இருக்குமா? அந்த ஆள் தன் பிள்ளையிடம் பந்தயத்தைக் காட்டி "அது நம்ம கார்" என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால், அது பேட்டரியில் ஓடினாலும் அதை உண்மையான ஜிடி-ஆர் என்று ஒப்புக்கொள்வேன்.

நேற்று இதையெல்லாம் அறைத்தோழனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, ஆனா ஆர்34தான் அழகு" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே அழகுதான்.